மூன்றரை டன்னுக்குள் ஒரு குடும்பம்

மோட்டார்ஹோமின் எஞ்சின் மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும். அதில் நான்கு எண்கள். முதல் எண்தான் ஆட்கள், தண்ணீர், அரிசி, சைக்கிள் எல்லாம் ஏறிய பிறகும் வண்டி தாண்டக் கூடாத எடை. பிரிட்டனில் ஓடும் குடும்ப வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது 3,500 கிலோ. முதன்முறையாக ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி வண்டியைப் பிரான்ஸுக்குக் கொண்டுபோகிறவர்கள் கப்பல் டிக்கெட், டீசல், முகாம் வாடகை என்று பணக் கணக்கில்தான் தொடங்குகிறார்கள். நான் சொல்வேன், எடைக் கணக்கை முதலில் போடுங்கள். லைசென்ஸ், டோல், வேக வரம்பு, எத்தனை நாளுக்கு ஒருமுறை எங்கே நிற்பது என்பதெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

3,500 ஏன்? சாதாரண கார் லைசென்ஸின் எல்லை அது. 1997 ஜனவரி 1-க்கு முன் பிரிட்டனில் தேர்வில் தேறியவர்களுக்கு 7,500 கிலோ வரை ஓட்டும் உரிமை கூடவே கிடைத்தது. அதற்குப் பிறகு தேறியவர்கள் தனித் தேர்வு எழுதியாக வேண்டும். பழைய உரிமை உள்ளவர்களும் 70 வயதில் மருத்துவச் சான்று கொடுத்தால்தான் அதைத் தக்கவைக்க முடியும். ஆக, 40 வயது அப்பா ஓட்டும் வண்டிக்கு மூன்றரை டன் சட்டத்தின் சுவர்.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஃபியட் டுகாட்டோ அடிச்சட்டத்தில் கட்டிய ஏழு மீட்டர் வண்டி, பதினான்கு இரவு. இதை வைத்தே கணக்குப் போடுவோம். விற்பனைக் கையேட்டில் இந்த வகை வண்டியின் 'ஓடும் நிலை எடை' 3,050 கிலோ என்று இருக்கிறதென்று கொள்வோம். மீதி 450 கிலோ. தாராளம் என்று தோன்றும். அந்த 3,050-க்குள் என்னென்ன அடங்கும் என்று பார்த்தால் தோன்றாது. ஓட்டுநருக்கு 75 கிலோ, டாங்கியில் 90 சதவீத டீசல், ஒரு கேஸ் சிலிண்டர் உண்டு. தண்ணீர் மட்டும் தயாரிப்பாளர் அறிவிக்கும் அளவு. பல நிறுவனங்கள் 100 லிட்டர் தொட்டியை வைத்துக்கொண்டு 20 லிட்டர் என்று அறிவிக்கின்றன. காகிதத்தில் 80 கிலோ மிச்சம். இது போதாதென்று, அறிவித்த எடையில் 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று விதியே அனுமதிக்கிறது. 3,050-இல் 5 சதவீதம் 152 கிலோ. இரண்டு பெரிய ஆட்களின் எடை, தயாரிப்பாளரின் 'சற்றே முன்பின்' என்ற கணக்கில் போய்விடுகிறது.

இனி ஏற்றுவோம்.

மனைவி, இரண்டு பிள்ளைகள்: 125 கிலோ
தொட்டியை நிறைக்கக் கூடுதல் தண்ணீர்: 80
பக்கவாட்டு நிழற்கூரை: 30
கூடுதல் பேட்டரி, சோலார் தகடு: 35
சைக்கிள் தாங்கி: 10
நான்கு சைக்கிள்: 50
இரண்டாவது கேஸ் சிலிண்டர்: 15
அரிசி, மளிகை, பாத்திரம்: 40
துணிமணி, ஆளுக்குப் பத்து: 40
படுக்கை: 15
மடக்கு மேசை, நாற்காலிகள்: 20
மின்கேபிள், தண்ணீர்க் குழாய், சக்கரத்துக்கு அடியில் வைக்கும் சாய்வுக் கட்டைகள்: 15

கூட்டினால் 475. இருந்தது 450. குக்கரைத் தவிர ஆடம்பரம் என்று சொல்ல எதுவும் இல்லாத பட்டியலிலேயே 25 கிலோ மிகை. குக்கரையும் ஆடம்பரம் என்று எந்தத் தமிழ்க் குடும்பமும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. கையேட்டைவிட வண்டி நிஜத்தில் 70 கிலோ கூட இருந்துவிட்டால் மிகை 95. எல்லாவற்றையும் ஏற்றி, ஆட்களோடு, ஊரிலுள்ள பொது எடைமேடைக்கு ஒரு நடை போய்வருவதுதான் வழி. சில பவுண்டுதான் செலவு. முன் அச்சு, பின் அச்சு, மொத்தம் என்று மூன்று எண்களையும் கேட்டு வாங்க வேண்டும்.

பின் அச்சை ஏன் தனியாக? தகட்டின் கடைசி இரண்டு எண்கள் அச்சு வரம்புகள். இந்த டுகாட்டோ ரகத்தில் பெரும்பாலும் முன்னுக்கு 1,850, பின்னுக்கு 2,000. சைக்கிளையும் தாங்கியையும் வண்டியின் முதுகில் மாட்டுகிறோம். அந்த 60 கிலோ பின் அச்சிலிருந்து 2.4 மீட்டர் தள்ளித் தொங்குகிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே நான்கு மீட்டர். நெம்புகோல் கணக்குப்படி பின் அச்சில் ஏறுவது 60 இல்லை, 60-ஐ 6.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் வரும் 96 கிலோ. முன் அச்சில் 36 கிலோ குறைகிறது. வண்டியை இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரங்கள்தான். ஈரப் புல்லில் வண்டி கிளம்பாமல் சக்கரம் வெறுமனே சுழல்வதற்கு இந்த 36-ம் ஒரு காரணம். மொத்த எடை 3,480 என்று எடைமேடை சொல்லிவிட்டால் நிம்மதி அடையாதீர்கள். பின் அச்சு 2,040 காட்டினாலும் குற்றம் குற்றமே.

குறைப்பது எங்கே? முதலில் தண்ணீர். 20 லிட்டரோடு ஓட்டி, நிற்கும் இடத்தில் நிரப்பினால் 80 கிலோ இறங்கிவிடும். அடுத்தது இரண்டாவது சிலிண்டர். கோடையில் அது வேண்டுமா என்பதைக் கணக்கே சொல்லும். சமையலுக்கு நாளுக்கு 150 கிராம், மின் இணைப்பு இல்லாத இரவுகளில் பிரிட்ஜுக்கு 280, வெந்நீருக்கு 100. எட்டு இரவு மின்சாரம் இல்லாமல், ஆறு இரவு முகாமில் என்றால் மொத்தம் ஐந்து கிலோவைச் சற்றே தாண்டும். ஆறு கிலோ புரொப்பேன் சிலிண்டர் ஒன்றே போதும். குளிர்காலம் வேறு. நான்கு கிலோவாட் ஹீட்டர் முழு வேகத்தில் மணிக்கு 320 கிராம் குடிக்கும். அதே சிலிண்டர் பத்தொன்பது மணி நேரத்தில் காலி. பிரிட்டனில் வாங்கிய புரொப்பேன் சிலிண்டரைப் பிரான்ஸில் எந்தக் கடையிலும் மாற்றிக்கொள்ள முடியாது. அங்கும் இங்கும் கிடைக்கிற நீலநிற கேம்பிங்கேஸ் 907-இல் 2.75 கிலோதான் இருக்கும். அதுவும் பியூட்டேன். பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, வண்டியின் வரம்பையே 3,850 என்று பதிவு மாற்றிவிடலாமே என்பார்கள். அச்சும் டயரும் தாங்குமானால் பல வண்டிகளுக்குக் காகித வேலைதான். லைசென்ஸ் உள்ளவர்களுக்கு நல்ல வழியும்கூட. ஆனால் எல்லையைத் தாண்டியதும் மீட்டர் வேறு மாதிரி ஓடும். பிரெஞ்சு நெடுஞ்சாலையில் உயரம் இரண்டு மீட்டருக்கு மேல், மூன்றுக்குக் கீழ், எடை மூன்றரை டன்னுக்குள் என்றால் இரண்டாம் வகுப்பு. கார் கொடுப்பதைப் போல் சுமார் ஒன்றரை மடங்கு. எடையோ உயரமோ ஒன்று தாண்டினாலும் மூன்றாம் வகுப்பு. காரின் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கையும் தாண்டலாம். மூன்றரை டன்னுக்குள் மணிக்கு 130 கிலோமீட்டர் வரை போகலாம், அதற்கு மேல் 110. கனவண்டிக்குப் பக்கவாட்டிலும் பின்னாலும் 'மறைகோண' எச்சரிக்கை ஒட்டிகள் 2021 ஜனவரி முதல் கட்டாயம். ஒட்டாவிட்டால் 135 யூரோ அபராதம். ஆஸ்திரியாவில் மூன்றரை டன்னுக்குள் இருந்தால் பத்து நாள் டோல் ஒட்டி போதும், 2025-இல் அதன் விலை 12.40 யூரோ. தாண்டினால் கண்ணாடியில் கருவி பொருத்தி, ஓடும் தூரத்துக்குக் கட்ட வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ். மூன்றரை டன்னுக்குள் உள்ள வண்டிக்கு ஓராண்டு ஒட்டிதான் உண்டு, 40 பிராங்க். ஒரே நாள் போனாலும் அதே 40. கனமான மோட்டார்ஹோமுக்கு நாளுக்கு 3.25, குறைந்தது 25. ஒரு வாரம் மட்டும் ஆல்ப்ஸ் பக்கம் போய்வருகிறவருக்குக் கன வண்டியே மலிவு.

உயரத்திலும் ஒரு கோடு இருக்கிறது, அது மூன்று மீட்டர். சாதாரணமாக 2.8 அல்லது 2.9 இருக்கும் வண்டியின் கூரையில் ஏசி பெட்டியோ டிவி ஆன்டெனாவோ ஏறினால் மூன்றைத் தொட்டுவிடும். டோல்கேட்டின் உணரிக்கு உங்கள் காகிதம் தெரியாது, கூரைதான் தெரியும். தவறாக மூன்றாம் வகுப்பு காட்டினால் உதவிப் பொத்தானை அழுத்திக் கேட்கலாம், பெரும்பாலும் திருத்திவிடுகிறார்கள். வலப்பக்க ஸ்டியரிங் வண்டிக்குக் கட்டணப் பெட்டி இடப்பக்கம் இருக்கும். பக்கத்தில் அமர்பவர்தான் கைநீட்ட வேண்டும். தனியாக ஓட்டுகிறவருக்குத் தானாகப் பணம் கழிக்கும் கருவிதான் சரி. இன்னொரு உயரம் 1.9 அல்லது 2 மீட்டர். கடற்கரை, சூப்பர்மார்க்கெட் நிறுத்தங்களின் வாயிலில் குறுக்குக் கம்பி அந்த உயரத்தில் இருக்கும். உங்களை வரவிடாமல் தடுக்கத்தான் அதை நட்டிருக்கிறார்கள்.

கால்வாயைத் தாண்ட இரண்டு வழி. டோவரிலிருந்து கலேக்குக் கப்பலில் ஒன்றரை மணி நேரம். இல்லாவிட்டால் ஃபோக்ஸ்டோனிலிருந்து ரயில், 50 கிலோமீட்டர் சுரங்கம், 35 நிமிடம். இரண்டிலும் நாளுக்கு நாள் கட்டணம் மாறும். கப்பலில் நீளமும் உயரமும் சேர்ந்து விலையைத் தீர்மானிக்கும். முதுகில் மாட்டிய சைக்கிளும் நீளத்தில் சேரும். ஏழு மீட்டர் என்று பதிவு செய்து 7.8 மீட்டரோடு வந்து நின்றால் வரிசையில் வைத்தே வித்தியாசத்தை வாங்கிவிடுவார்கள். சுரங்க ரயிலில் கேஸுக்கு வரம்பு உண்டு. ஒற்றைச் சிலிண்டர் 47 கிலோவுக்குள், பல என்றால் மொத்தம் 50-க்குள். வண்டியோடு பொருத்திய தொட்டி 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருக்கக் கூடாது. எஞ்சினே கேஸில் ஓடும் வண்டியை ஏற்றவே மாட்டார்கள்.

சாப்பாட்டுப் பெட்டியைப் பற்றி நம்மவர்களுக்கென்றே ஒரு பக்கம் எழுத வேண்டும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்ட பிறகு, 2021 முதல், அங்கிருந்து இறைச்சியும் பால்பொருளும் தனிநபர் கொண்டுபோகத் தடை. தயிர், பனீர், நெய் மூன்றும் போச்சு. கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், ஒரு கொத்துக்கு யார் வாங்குவார்கள்? சான்றிதழ் தேவைப்படாத பழங்கள் ஐந்தே ஐந்து: அன்னாசி, வாழைப்பழம், பேரீச்சை, துரியன், தேங்காய். பட்டியல் போட்டவருக்குச் சட்னி தெரியுமோ என்று சந்தேகம் வரும். மீன் 20 கிலோ வரை போகலாம், காய்ந்த மீனும் அதில் அடக்கம். அதாவது கருவாட்டுக்குச் சட்டத்தில் தடையில்லை. ஏழு மீட்டர் வீட்டுக்குள் அதோடு இரண்டு வாரம் இருப்பது குடும்பத்தின் பொறுப்பு. கறிவேப்பிலைக்குப் பாரிஸின் லா ஷாப்பெல் தமிழ்க் கடைகள் இருக்கின்றன. அங்கே வண்டியோடு போகாமல் புறநகரில் நிறுத்திவிட்டு ரயிலில் போவது புத்திசாலித்தனம்.

தண்ணீர்க் கணக்கு, பயணத் திட்டத்தை அழகான ஊர்களைவிட அதிகமாகத் தீர்மானிக்கும். வண்டிக்குள்ளேயே குளித்தால், நனைத்து, நிறுத்தி, சோப்புப் போட்டு, அலசும் கஞ்சக் குளியலிலும் ஆளுக்குப் பத்து லிட்டர். நால்வருக்கு 40. பாத்திரத்துக்கு 12, குடிக்கச் சமைக்க 12, கைகழுவ, கழிப்பறைக்குப் பத்து. மொத்தம் 74. நிறைத் தொட்டி ஒன்றேகால் நாளில் முடிந்துவிடும். முகாமின் குளியலறையைப் பயன்படுத்தினால் 34 லிட்டரோடு நிற்கும், மூன்று நாள் ஓடும். அரிசியை மூன்று தடவை களைவதற்கே நான்கைந்து லிட்டர் போகிறது. அந்தக் களைந்த நீரைப் பாத்திரத்தின் முதல் அலசலுக்கு எடுத்து வைக்கும் அம்மாக்களின் வழக்கம் இங்கே சரியாகப் பொருந்தும். கேசட் டாய்லெட் கொள்வது சுமார் 18 லிட்டர். நால்வர் என்றால் இரண்டு நாள், அடக்கமாக இருந்தால் இரண்டரை. ஆகவே இரண்டு நாளுக்கு ஒருமுறை கழிவு கொட்டும் இடம் வழியில் வந்தே ஆக வேண்டும். பிரான்ஸில் சிற்றூர் நிர்வாகங்களே மோட்டார்ஹோமுக்கென்று இடம் ஒதுக்கி, தண்ணீர்க் குழாயும் கழிவுத் தொட்டியும் வைத்திருக்கின்றன. 'ஏர்' என்பார்கள். சில இலவசம், பல இரவுக்குப் பத்து பன்னிரண்டு யூரோ. முதல் பயணத்துக்குப் பிரான்ஸைச் சிபாரிசு செய்ய இது ஒன்றே போதும்.

மின்சாரம் சுருக்கமாக. பிரெஞ்சு முகாம்களில் பல இடங்களில் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது 1,380 வாட். 750 வாட் மிக்ஸி ஓடும், 700 வாட் ரைஸ் குக்கர் ஓடும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் 1,450, சுவிட்ச் விழுந்துவிடும். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை வீட்டிலேயே விட்டுவிடலாம், மூன்று கிலோவும் மிச்சம்.

இப்போதுதான் பணம். கீழே உள்ளவை என் மதிப்பீடுகள், எல்லாம் யூரோவில். போகவர கால்வாய்க் கட்டணம் 350. பிரான்ஸுக்குள் 2,000 கிலோமீட்டர், நூறுக்கு 11 லிட்டர் வீதம் 220 லிட்டர், லிட்டர் 1.70 என்றால் 374. டோல் உள்ள சாலையில் 800 கிலோமீட்டர், 120. தங்கல்: விடுமுறைக் காலத்தில் முகாம் ஆறு இரவு, இரவுக்கு 45, ஆக 270. ஏர் ஐந்து இரவு, 60. மீதி மூன்று இரவு பண்ணை வீடுகளில். 'பிரான்ஸ் பாசியோன்' என்ற ஏற்பாட்டில் உறுப்பினரானால் திராட்சைத் தோட்டக்காரர்களும் விவசாயிகளும் ஓர் இரவு சும்மா நிற்க விடுவார்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் வெறுங்கையோடு கிளம்ப மனம் வராது. அதற்கு 45. கேஸ் 15. பழுதுதவி, காப்பீட்டின் வெளிநாட்டு நீட்டிப்பு 130. முகப்பு விளக்கின் ஒளியைத் திருப்பும் ஒட்டி, 'யூகே' ஒட்டி, எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் சட்டைகள், மாசு வலய ஒட்டி, மின்செருகி மாற்றிகள் எல்லாம் 80. 'ஜிபி' என்ற பழைய ஒட்டி 2021 செப்டம்பர் 28 முதல் செல்லாது.

மொத்தம் 1,444. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ரூபாய். இரவுக்கு 103 யூரோ, சாப்பாடு தனி. இதில் உங்கள் கையில் இருப்பது இரண்டே வரி. ஒன்று வேகம். 95-இல் போகாமல் 120-இல் போய், செலவு நூறுக்கு 13.5 லிட்டர் ஆனால் டீசல் 459 ஆகிறது. 85 யூரோ காற்றோடு போச்சு. மற்றது மாதம். ஆகஸ்டில் 45 கேட்கும் முகாம், ஜூன் தொடக்கத்தில் தள்ளுபடி அட்டைக்கு 20 சொச்சத்துக்கு வரும். ஆறு இரவில் ஏறக்குறைய 150 மிச்சம். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் இரண்டாவது வரி கையை விட்டுப் போய்விடும்.

பாஸ்போர்ட்டும் ஒரு செலவுதான். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், 180 நாளில் 90 நாள் இருக்கலாம். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் விரல்ரேகையும் படமும் எடுக்கத் தொடங்கினார்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டோடு பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு ஷெங்கன் விசா: பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைக்கு 45. மேலே சொன்ன குடும்பத்தில் பிள்ளைகள் பத்தும் ஏழும் என்றால் 270, முகவர் கட்டணம் வேறு. ஓய்வுபெற்றவர்கள் ஸ்பெயினில் குளிர்காலத்தைக் கழிக்கப் போகும்போது இன்னொரு எண்ணில் மாட்டுகிறார்கள். நவம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை மூன்று மாதம்தானே என்பார்கள். நுழையும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்து எண்ணினால் 92. இரண்டு நாள் மிகை.

அந்த இரவுக்கு 103-இல் சேராத ஒரு வரி இருக்கிறது. 60,000 பவுண்டுக்கு வாங்கிய வண்டி ஆண்டுக்கு 5 சதவீதம் மதிப்பிழந்தாலே 3,000 பவுண்டு. ஆண்டுக்கு 40 இரவு பயன்படுத்தினால் இரவுக்கு 75 பவுண்டு, வண்டி அசையாமல் நின்றாலும் ஆகிற செலவு. கோடையில் வாடகைக்கு எடுத்தால் இரவுக்கு 100 பவுண்டுக்குக் கீழ் குடும்ப வண்டி அரிது. அது பெரிய தொகையாகத் தோன்றும், ஆனால் பதினான்கு இரவோடு முடிந்துவிடும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோக வாடகை நிறுவனத்தின் சம்மதம் எழுத்தில் வேண்டும், மூலப் பதிவுப் புத்தகத்துக்குப் பதிலாக வாடகை வண்டிக்கான விஇ103 சான்றும் வேண்டும். முதல் முறைக்கு நான் வாடகையைத்தான் சொல்வேன். சாவியை வாங்குவதற்கு முன் அந்த வண்டியின் எடைமேடைச் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். கையேட்டின் பக்கத்தைப் பிரித்துக் காட்டினால், இன்னொரு கடைக்குப் போங்கள்.